தொடங்கும் நேரத்துப் பளு

திருச்செங்கோடு, நாமக்கல் பக்கத்துக் கிணற்றடிகளில் ஓர் ஓசை எல்லோருக்கும் பழக்கமானது. பம்பு மோட்டாரின் ஸ்விட்சைப் போட்டவுடன் அது சுழலாமல் ‘உம்’மென்று முனகும். “கரண்டு பத்தலைங்க, இழுக்க மாட்டேங்குது” என்று சொல்லிக் குடியானவர் உடனே அணைத்துவிடுவார். அணைக்காவிட்டால் உள்ளேயிருக்கும் காயில் கருகிவிடும் என்பதை அவர் அறிவார். அதே மோட்டார் முன்னதாகவே சுழன்றுகொண்டிருந்தால், அதே மின்சாரத்தில் தொடர்ந்து ஓடியிருக்கும். நின்றுகிடக்கும் மோட்டாரை எழுப்புவதற்கு, ஓடும்போது வேண்டியதைப் போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் தேவைப்படுகிறது. கம்ப்யூட்டர் ஒன்று உயிர்பெற மறுத்தபோது எனக்கு வழிகாட்டியது இந்தக் கிணற்றடிப் பாடமே.

2012-ஆம் ஆண்டின் இறுதி அது. சென்னைக்கு வெளியே தமிழ்நாட்டு மாவட்டங்கள் பலவற்றில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு இருந்த காலம். ஒரு மணி நேரம் விளக்கு எரியும், மறு மணி நேரம் இருள். எங்கள் ஊரில் புகைப்பட நிலையம் வைத்திருந்த நண்பர் ஒருவர், ஒரு மார்கழிக் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் பௌதிக ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதைத் தவிர, என்னைத் தேடி வர அவருக்கு வேறு காரணம் இல்லை.

“அஞ்சு டிஸ்க்கும் போச்சுன்னு சொல்றாங்க வாத்தியாரே. புதுசா மாத்திப் போட்டுக்கங்கன்னு சொல்றாங்க.”

அந்த ஐந்து ஹார்டு டிஸ்க்குகளில் இருந்தவை ஆறாண்டுக் கல்யாணப் படங்கள். பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு ஆல்பம் இன்னும் அச்சிட்டுத் தரவில்லை. முன்பணமோ வாங்கிச் செலவழித்தாகிவிட்டது. முகூர்த்தத்தை இரண்டாம் முறை நடத்திப் படம் பிடிக்க இயலுமா?

ஐந்து டிஸ்க்குகள் ஒரே இரவில் சேர்ந்தாற்போல் பழுதாகும் என்பதை என் மனம் ஏற்கவில்லை. ஆயினும் முதல் அரை நாளை நான் வீணாக்கினேன் என்பதை மறைக்கமாட்டேன். நினைவகப் பலகைகளைக் கழற்றி ரப்பரால் தேய்த்துத் துடைத்து மாட்டினேன். பயனில்லை. பொத்தானை அழுத்தினால் விசிறி ஒரு கணம் சுழலும், ‘கிளிக்’ என்று ஓர் ஓசை, பிறகு மௌனம். நான்கைந்து முறை அழுத்தினால் ஒரு முறை எழும்பிவிடும். அப்படி எழும்பிவிட்டால், அடுத்த மின்வெட்டு வரை குறையின்றி ஓடும்! காலையில் அடம் பிடிப்பது, வெயில் ஏறிய பிறகு சற்று இணங்கும். ‘இழுக்க மாட்டேங்குது’ என்ற குடியானவர் சொல் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

கம்ப்யூட்டர்ப் பெட்டிக்குள் ஒரு மூலையில், எஸ்.எம்.பி.எஸ். என்று கடைக்காரர்கள் அழைக்கும் இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தை வாங்கி 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று நேர்மின்சாரமாக மாற்றிப் பங்கிட்டுக் கொடுப்பது அதுவே. ஹார்டு டிஸ்க்கின் தட்டுகளைச் சுழற்றும் சிறு மோட்டார் 12 வோல்ட்டில் இயங்குகிறது. அந்தத் தட்டுகள் நிமிடத்துக்கு 7,200 முறை சுழல வேண்டியவை. அவ்வேகத்தை எட்டியபின் ஒரு டிஸ்க்குக்கு ஏறத்தாழ அரை ஆம்பியர் போதும். நின்ற நிலையிலிருந்து அவ்வேகத்தை எட்டும் சில விநாடிகளில் மட்டும் அது 2 ஆம்பியர் வரை கேட்கும். ஐந்தும் ஒரே கணத்தில் எழும்பினால் 10 ஆம்பியர், அதாவது 120 வாட். ஓடும்போது வேண்டியதோ 30 வாட் மட்டுமே. இவற்றோடு பிராசஸரும் அதே 12 வோல்ட்டில்தான் பங்கு கேட்கிறது. கேட்பதைக் கொடுக்க முடியாமல் அழுத்தம் 11.4 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் அது ஏற்கத்தக்க எல்லையைத் தாண்டிவிட்டது. மேலும் சரிந்தால் பெட்டி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். நண்பர் முதலில் ஒரே டிஸ்க்கோடு வாங்கிய பெட்டி அது. ஆண்டுக்கு ஒன்றாக டிஸ்க்கைச் சேர்த்துக்கொண்டே போனாரேயன்றி, ஊட்டும் கையை மாற்றவில்லை.

அப்படியானால் முன்பு எப்படி ஓடியது? எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் மின்தேக்கிகள் என்னும் கப்பாசிட்டர்கள் உண்டு. திடீரென்று கேட்கும் பளுவைத் தாங்கிக்கொடுப்பவை அவை. சேலத்து வெயிலில் ஆண்டுக்கணக்கில் வெந்து, அவற்றிலுள்ள திரவம் மெல்ல வற்றிப்போகிறது. வற்றிய மின்தேக்கி குளிரில் இன்னும் சோம்பும். மார்கழிக் காலைக் கோளாறின் இரகசியம் இதுவே. மின்வெட்டு இல்லாத நாளில் கம்ப்யூட்டர் காலையில் ஒரு முறைதான் எழும்ப வேண்டியிருந்தது. இப்போதோ நாளுக்கு ஆறேழு முறை. அதுவும், மின்சாரம் மீண்ட அந்த நிமிடத்தில் ஊரிலுள்ள பம்புகளும் விசைத்தறிகளும் குளிர்பெட்டிகளும் ஒன்றாக விழித்துக்கொண்டு, வரும் அழுத்தத்தையே தாழ்த்திவிடும் வேளையில்!

என் கருத்தைச் சோதித்துப் பார்த்தேன். கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, ஐந்து டிஸ்க்குகளின் இணைப்பையும் கழற்றினேன். மறுபடி மின்சாரம் கொடுத்துப் பொத்தானை அழுத்தினால், முதல் அழுத்தத்திலேயே திரை ஒளிர்ந்தது. அப்போதும் எழும்பாமல் இருந்திருந்தால், குற்றத்தை வேறிடத்தில் தேடியிருப்பேன். பிறகு ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை நீக்கிவிட்டு, டிஸ்க்குகளை ஒன்றொன்றாகச் சேர்த்தேன். மஞ்சள் கம்பி 12 வோல்ட். கறுப்பு, பூமிக் கம்பி. இவ்விரண்டுக்கும் இடையே என் பழைய முள் மீட்டரை வைத்தேன். இரண்டு டிஸ்க்குவரை முள் அசையவில்லை. மூன்றாவதில் சற்றுத் தலையசைத்தது. நான்காவதில் நன்றாகத் தாழ்ந்து மீண்டது. ஐந்தாவதில் விழுந்தது, கம்ப்யூட்டரும் அணைந்தது. எண்களாக மாறும் மீட்டர்களில் இந்தக் கணநேரச் சரிவு கண்ணுக்குத் தப்பிவிடலாம்.

இத்துடன் நான் திருப்தியடையவில்லை. ஐந்தாவது டிஸ்க்கே நோயாளியாக இருக்கலாமன்றோ? வரிசையை மாற்றினேன். அதே ஐந்தாவதை முதலாவதாக மாட்டினேன், ஓடியது. எந்த டிஸ்க் ஐந்தாவதாக வந்தாலும் கம்ப்யூட்டர் வீழ்ந்தது. குறிப்பிட்ட ஒரு டிஸ்க்கைத் தனியாக மாட்டினாலும் எழும்பவில்லையென்றால் அந்த டிஸ்க் குற்றவாளி. எது வந்தாலும் எண்ணிக்கை மிஞ்சும்போது வீழ்ந்தால், குற்றம் ஊட்டும் பெட்டியினுடையது.

மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட் மாறுமின்சாரம் அதனுள் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரமாகத் தேங்கி நிற்கிறது. கம்பியைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது உயிரைக் குடிக்க வல்லது.

இந்தத் தொல்லை சிறு பெட்டிக்கு மட்டும் உரியதன்று. நம் மேட்டூர் அனல் மின்நிலையத்தில் 1987 முதல் 1990 வரை அமைந்த நான்கு அலகுகளின் திறன் 840 மெகாவாட். அத்தகைய நிலையம் முற்றிலும் நின்றுவிட்டால் தானாக எழ முடியாது. நிலக்கரியை அரைக்கவும், காற்றை ஊதவும், நீரை ஏற்றவும் வெளியிலிருந்து மின்சாரம் வரவேண்டும். 1937 முதல் இயங்கிவரும் அணைக்கட்டு மின்நிலையத்தைப் போன்றவற்றிலோ, மதகைத் திறக்கச் சிறிதளவு மின்சாரம் இருந்தால் போதும். 2012 ஜூலை 31-ஆம் நாள் வட இந்திய, கிழக்கிந்திய, வடகிழக்கிந்திய மின்தொகுப்புகள் சரிந்து ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பகுதி இருண்டபோது, பொறியாளர்கள் எல்லா ஊர்களுக்கும் ஒரே நேரத்தில் ஸ்விட்ச் போட்டுவிடவில்லை. சிறிது உற்பத்தி, சிறிது பளு என்று படிப்படியாகவே சேர்த்தார்கள். பெரிய கம்ப்யூட்டர் நிலையங்களிலும் டிஸ்க்குகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சில விநாடி இடைவெளியில் எழுப்பும் ஏற்பாடு இருக்கிறது.

நண்பர் புதிய எஸ்.எம்.பி.எஸ். வாங்கினார். மேலே அச்சிட்டிருக்கும் மொத்த வாட்டைப் பார்த்து மயங்காமல், 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வாங்கச் சொன்னேன். அன்று மாலையே ஐந்து டிஸ்க்குகளும் சேர்ந்து எழும்பின. ஒரு படமும் கெடவில்லை. தை பிறப்பதற்குள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வேறொரு வீட்டில் வைத்துவிட்டார். மின்சாரம் வந்தால் ஐந்து நிமிடம் கழித்தே பொத்தானைத் தொடுவது என்றும் வழக்கப்படுத்திக்கொண்டார். பழைய பெட்டியை எறிந்துவிடும்படி சொன்னேன். அவர் கேட்கவில்லை. ஒரே டிஸ்க் உள்ள கணக்குக் கம்ப்யூட்டரில் அதை மாட்டினார். மேலும் இரண்டு மார்கழிகள் அது ஓடியது.