நீள்வட்ட வைரத்திற்கு ஏற்ற கட்டு

மகளின் திருமண நிச்சயத்தின்போது, நம் அன்னையார் விட்டுச்சென்ற நீள்வட்ட வைரத்தை மோதிரமாக்கினோம். நான்கு நகங்களே அதனைப் பற்றியிருந்தன. மூன்றாம் மாதம் சேலை நூல் சிக்கி ஒரு நகம் நிமிர்ந்தது. அரிசி களைந்த சட்டியின் அடியிற் கல் கிடைத்தது நமது நல்லூழே.

கற்களுள் வைரமே மிகக் கடினமானதெனினும், ஓரத்தில் அடிபட்டாற் பிளவுறும். நீள்வட்டத்தின் ஒடுங்கிய முனைகளே முதலில் இடிபடுவன. நகம் வைப்பதாயின் ஆறு வைத்து, அம்முனைகளைக் காத்தல் வேண்டும். அதனினும் உறுதியானது, சுற்றிவரப் பொன் விளிம்பிட்டுக் கல்லை இறுக்குதல். ஒளி சிறிது மங்கலாம். 1981 இல் டயானா அணிந்த நீள்வட்ட இலங்கை நீலக்கல்லை நகங்களே தாங்கின. அரண்மனையில் அவர் அரிசி களைந்திலர்.

நாம் கன்னாதிட்டியில் விளிம்புக் கட்டே செய்வித்தோம். மாதந்தோறும் மகள் மோதிரத்தைக் காதருகே ஆட்டிப் பார்க்கின்றாள். கல் தளர்ந்திருந்தால் மெல்லென ஒலிக்கும்.