கலங்களை அழைத்த விளக்கு

புதுவைக் கடற்கரைச் சாலையில் உலாவச் செல்வோர் யாவரும் காந்தியடிகளின் சிலையைக் கண்டு வணங்கிவிட்டுக் கடலை நோக்கித் திரும்பிக் கொள்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், சாலையின் மேற்குப் புறத்தில், ஏறக்குறைய 90 அடி உயரத்தில் ஒரு பழைய கோபுரம் நிற்கிறது. அதன் உச்சியில் இப்போது விளக்கு எரிவதில்லை. ஆயினும் அந்தக் கோபுரத்தின் சரித்திரம் நம்மவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்றாகும்.

கலங்கரை விளக்கம் தமிழர்களுக்குப் புதிதன்று. புகார்த் துறைமுகத்தில் அது ஒளிர்ந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் அழைத்தல். திசை தெரியாமல் இருளில் தவிக்கும் மரக்கலத்தை அழைக்கும் விளக்கு என்று பழைய உரையாசிரியர்கள் பொருள் கண்டார்கள். எவ்வளவு பொருத்தமான பெயர்!

புதுவைக்கு அத்தகைய விளக்கு மிகவும் தேவையாயிருந்தது. அங்கே இயற்கைத் துறைமுகம் கிடையாது. கரையோ தாழ்ந்த மணற்பரப்பு. தூரத்திலிருந்து அடையாளம் காண்பது அரிது. பெரிய கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் படகுகளில் ஏறி, அலைகளைக் கடந்து கரை சேர வேண்டும். 1866-இல் இரும்புப் பாலம் கடலுக்குள் நீட்டிக் கட்டப்படும் வரையில் இதே நிலைமைதான். இத்தகைய கரையில்தான் பிரெஞ்சுக்காரர்கள் கோபுரம் எழுப்பி, 1836-ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதி அதன் எண்ணெய் விளக்கை ஏற்றினார்கள்.

அவ்விளக்கின் துணையால் வர்த்தகம் பெருகியது. தமிழர்கள் நெய்து சாயமேற்றிய நீலத்துணி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை வரையில் சென்றது. பின்னாளில் தென்னாற்காட்டு நிலக்கடலை மூட்டை மூட்டையாக மார்ஸேல்ஸ் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போயிற்று.

ஆனால் சரக்கு மட்டுமா கப்பலேறியது? மனிதர்களும் ஏறினார்கள். 1848-இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டக்காரர்களுக்கு வேறு கைகள் வேண்டியிருந்தன. ஏரி நிரம்பினால் சோறு, வற்றினால் பட்டினி என்று வாழ்ந்த தமிழ்க் கிராமத்து ஏழைகள், ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து ரெயூனியன் தீவுக்கும், அதற்கும் அப்பால் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும் சென்றார்கள். 1882-இல் ரெயூனியனுக்கும், 1888-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் ஆள் எடுப்பதைப் பிரிட்டிஷ் சர்க்கார் நிறுத்தியது. அதற்குள் பல்லாயிரம் பேர் போய்விட்டார்கள். திரும்பி வந்தவர்கள் சிலரே. அவர்களுடைய சந்ததியார் தமிழ்மொழியை மறந்தும், மாரியம்மனையும் மதுரை வீரனையும் இன்று வரையில் மறக்கவில்லை.

இரவில் கப்பல் விலக விலக, முதலில் கரை மறையும். பிறகு வீடுகளின் விளக்குகள் மறையும். கடைசியாக மறைவது உயரத்தில் எரியும் விளக்கே. கலத்தை அழைப்பதற்கென்று ஏற்றிய விளக்கு, எத்தனையோ தமிழர்களுக்குத் தாய்நாட்டின் கடைசிக் காட்சியாக அமைந்தது! இதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

காலம் மாறிற்று. அதே கரை பிறகு தேசபக்தர்களுக்குப் புகலிடமாயிற்று. 1908-இல் பாரதியார் ரயிலேறி வந்து சேர்ந்தார். 1910-ஆம் வருஷம் ஏப்ரல் 4-ஆம் தேதி அரவிந்தர் கப்பலில் வந்து இறங்கினார். அதே ஆண்டில் வ.வே.சு. ஐயரும் வந்தார். பிரிட்டிஷ் ஒற்றர்கள் கண்காணித்த அந்தக் கடற்கரையில், அந்நிய ஆட்சியின் விளக்கொளியிலேயே சுதந்திரப் பேச்சு வளர்ந்தது விந்தையல்லவா?

ஆனால் புதுவையின் சுதந்திரம் அந்தக் கோபுரத்தின் அடியில் முடிவாகவில்லை. கடலுக்கு வெகு தொலைவில், வில்லியனூர்ப் பகுதியைச் சேர்ந்த கீழூர் என்னும் சிற்றூரில் முடிவாயிற்று. 1954-ஆம் வருஷம் அக்டோபர் 18-ஆம் தேதி மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடினார்கள். இந்தியாவுடன் இணைவதற்கு ஆதரவாக 170 வாக்குகளும், எதிராக 8 வாக்குகளும் விழுந்தன. நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962-ஆம் வருஷம் ஆகஸ்ட் 16-ஆம் தேதி நிறைவேறியது. எந்தக் கிராமத்து ஜனங்கள் கப்பலேறிப் போனார்களோ, அத்தகைய கிராமம் ஒன்றே தேசத்தின் கொடியை அந்தக் கரைக்கு அழைத்தது.

கொடி மாறிய பின்னும் பழைய விளக்கு தன் கடமையைத் தவறாமல் செய்தது. 1979-இல் தெற்கே 150 அடிக்கும் மேற்பட்ட புதிய கோபுரம் எழுந்தபோதுதான், 143 வருஷ ஊழியத்திலிருந்து அது ஓய்வு பெற்றது.

அந்நியர் கட்டியது என்று அதை அலட்சியம் செய்வது தகாது. அதன் ஒளியில் போனவர்களும் வந்தவர்களும் நம்மவர்களே. புதுவைக்குச் செல்லும் பெற்றோர்கள் குழந்தைகளுக்கு அந்தக் கோபுரத்தைக் காட்டட்டும். அதோடு நின்றுவிடாமல், வயல்களின் வழியே கீழூர் நினைவு மண்டபத்துக்கும் அழைத்துச் செல்லட்டும். இரண்டையும் பார்த்தால்தான் புதுவையின் கதை முழுமை பெறும்.