குப்பியின் மேல் பெயர் இருந்தால் போதுமா?

புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி 2017-இல் தொடங்கப்பட்டது. இதுபோன்ற மாவட்டக் கல்லூரிகளில் ரத்தப் பிளாஸ்மாவில் ஒரு புரதத்தை அளக்க நினைப்பவர் முதலில் வாங்குவது ஒரு சிறு குப்பி ஆன்டிபாடி. குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடிப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு அது. ஆனால் பிளாஸ்மாவில் ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்கின்றன. அவற்றின் மொத்த எடையில் பாதிக்கு மேல் அல்புமின் ஒன்றே. ஆன்டிபாடி ஆள்மாறி வேறொன்றைப் பற்றினாலும் கருவி ஓர் எண்ணைக் காட்டத்தான் செய்யும். ஆகவே குப்பியை நம் ஊர் ரத்தத்தில் சோதித்த பிறகே ஆய்வைத் தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

ஹாப்டோகுளோபின் என்னும் பிளாஸ்மா புரதம், சிவப்பணு உடையும்போது சிதறும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. மரபுப்படி மனிதர்களிடம் அது 1-1, 2-1, 2-2 என மூன்று வகையாக அமைகிறது. 2 என்னும் மரபணு இருந்தால் மட்டுமே உருவாகும் அதன் முன்வடிவத்துக்கு சோனுலின் என்று பெயர். குடல்சுவர் கசிவோடு அதை இணைத்துப் பேசுகிறார்கள். ஆன்டிபாடியைக் கொண்டு சோனுலினை அளப்பதாகச் சந்தையில் விற்ற சோதனைக் கிட் ஒன்றை ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் புரதத்தை உருவாக்கவே முடியாத 1-1 வகையினரிடமும் கிட் அளவு காட்டியது. பிடிபட்டது புரோபெர்டின் போன்ற வேறொரு புரதமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். நமக்கு இதில் சிக்கல் இன்னும் பெரிது. இந்தியர்களிடம் 2 மரபணுவே மிகுதி, 1-1 வகையினர் சிலரே. ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கும் புரதத்தை எல்லோரிடமும் காட்டுகிற பிழையான கிட் இங்கே எளிதில் மாட்டாது.

விற்கும் நிறுவனமே சோதித்திருக்குமே என்பார்கள். டொரண்டோவில் டயமாண்டிஸ் என்பவரின் ஆய்வுக் குழுவும் அப்படித்தான் நம்பியது. கணையப் புற்றுநோயைக் காட்டும் புரதம் என்று அவர்கள் கிட் வைத்து அளந்தது, உண்மையில் சி.ஏ.125 என்னும் வேறு புரதம். இரண்டு ஆண்டும் சுமார் 5 லட்சம் டாலரும் போயின. 2020 ஏப்ரலில் நம் மாநிலங்களுக்கு வந்த கொரோனா விரைவுக் கிட்களையும், விநியோகம் தொடங்கிய பிறகே, முடிவுகளை நம்ப முடியவில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நிறுத்தச் சொன்னது. சிறிய கல்லூரிக்குச் சோதனைச் செலவு கட்டுப்படியாகாது என்பது நியாயமான கவலைதான். ஆனால் புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனை ஒன்றைச் செய்து, புரதம் தன் எடைக்குரிய இடத்தில் தெரிகிறதா என்று பார்ப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். சோனுலின் கிட் போன்றவற்றின் பிழையைக் காட்டிக்கொடுக்கும் 1-1 வகைப் பிளாஸ்மாதான் கிடைப்பதற்கு அரிதானது. கொடையாளர் சம்மதத்தோடு அதைச் சேகரித்துக் கல்லூரிகளுக்குப் பொதுவாக வழங்க, டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் முன்வர வேண்டும்.