தானுந்துப் பின்கண்ணாடி மாற்றீடு

தானுந்துப் பின்கண்ணாடி மாற்றீடு என்பது, தானுந்து ஒன்றின் பின்புறத்தில் பசையால் ஒட்டப்பட்டுள்ள கண்ணாடி உடைந்தாலோ, அது பொருந்தியுள்ள சட்டகம் துருப்பிடித்தாலோ, பழைய கண்ணாடியையும் பசையையும் நீக்கி வேறு கண்ணாடியை ஒட்டும் பணி ஆகும். பட்டறைகளில் இக்கண்ணாடி பேக் கிளாஸ் என்றும், பின்கதவுடன் சேர்ந்து மேலெழும் வண்டிகளில் டிக்கிக் கண்ணாடி என்றும் அழைக்கப்படுகின்றது. இப்பணிக்குப் பயன்படும் பசை காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சியே இறுகுகின்றது. ஆதலால், ஒரே வேலை சித்திரை வெயிலில் தென்காசியில் ஒரு விதமாகவும், ஆனி, ஆடி மாதச் சாரலில் நனையும் குற்றாலத்தில் வேறு விதமாகவும் செய்யப்பட வேண்டியுள்ளது. இவ்விரு ஊர்களுக்கும் இடையிலான தொலைவு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் மட்டுமே.

ரப்பர் சட்டத்தில் இருந்து பசைக்கு

இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடர், மாருதி 800 போன்ற தானுந்துகளில் கண்ணாடியைச் சுற்றி ரப்பர் பட்டை ஒன்று இருந்தது. பட்டையின் ஒரு பள்ளத்தில் கண்ணாடியும், மறு பள்ளத்தில் தகட்டின் விளிம்பும் பொருந்தும். பட்டையின் உள் உதட்டில் ஒரு கயிற்றைச் சுற்றி வைத்து, கண்ணாடியை வெளியில் இருந்து அழுத்திக்கொண்டே உள்ளிருந்து கயிற்றை இழுத்தால் வேலை முடிந்துவிடும். சோப்பு நீரும் இரண்டு ஆட்களும் போதும். வேலை முடிந்தவுடன் வண்டியை எடுத்துச் செல்லலாம். இன்றும் பலர் கண்ணாடி மாற்றுதலை அரை மணி நேர வேலையாகக் கருதுவது இந்தப் பழக்கத்தினாலேயே.

1970களில் இருந்து உலகத் தானுந்து நிறுவனங்கள் பாலியூரித்தேன் பசைக்கு மாறத் தொடங்கின. பசையால் ஒட்டப்பட்ட கண்ணாடி வெறும் மூடி அன்று. அது வண்டியின் கூட்டை இறுக்கும் ஓர் உறுப்பாகவும் வேலை செய்கின்றது. மேடு பள்ளங்களில் கூடு முறுக்கப்படும்போது அம்முறுக்கத்தின் ஒரு பகுதியைக் கண்ணாடி தாங்குகின்றது. ஆகவே ஒட்டு சரியாக அமையாவிடில் மழைநீர் கசிவதுடன் நில்லாது, விபத்தின்போது கண்ணாடி முழுதாகக் கழன்று விழவும், பின் இருக்கையில் இருப்போர் வெளியே எறியப்படவும் கூடும்.

கண்ணாடியின் தன்மை

முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே நெகிழிப் படலம் வைத்து அழுத்தப்பட்ட அடுக்குக் கண்ணாடி ஆகும். அது விரிசல் விட்டாலும் சிதறுவதில்லை. பின்கண்ணாடி பெரும்பாலும் ஒற்றைத் தகடாலான கடினமாக்கப்பட்ட கண்ணாடி. இதனைப் பட்டறையில் டெம்பர்டு கிளாஸ் அல்லது டஃபன்டு கிளாஸ் என்பர். வெட்டி வளைத்த கண்ணாடியை ஏறத்தாழ 620 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சி மிக விரைவாகக் குளிர்விப்பர். முதலில் இறுகும் மேற்பரப்பு அமுக்கத்திலும், பின்னர் இறுகும் உட்பகுதி இழுவையிலும் நிலைத்துவிடுகின்றன. இதனால் அது சாதாரணக் கண்ணாடியைப் போல ஏறத்தாழ 4 முதல் 5 மடங்கு வலிமை பெறுகின்றது.

அமுக்க அடுக்கை ஏதேனும் ஊடுருவினால், சேமிக்கப்பட்ட தகைவு முழுதும் ஒரு நொடியில் வெளிப்பட்டு, தகடு முழுவதும் கற்கண்டு போன்ற சிறு துண்டுகளாகச் சிதறும். ஐக்கிய நாடுகளின் 43ஆம் ஒழுங்குவிதி, 5 செ.மீ. பக்கமுள்ள சதுரத்தில் குறைந்தது 40 துண்டுகள் இருக்க வேண்டும் என்கின்றது. துண்டு சிறியதாயின் காயமும் சிறியது என்பதே இதன் அடிப்படை.

இத்தன்மையால் இரண்டு விளைவுகள் உண்டு. முதலாவதாக, பின்கண்ணாடியில் விழுந்த சிறு விரிசலை முன்கண்ணாடியைப் போலப் பிசின் இட்டுச் சரிசெய்ய இயலாது. பெரும்பாலும் விரிசல் என்ற நிலையே அதற்கு இல்லை. இரண்டாவதாக, கடினமாக்கிய பின் அதனை வெட்டவோ துளையிடவோ முடியாது. எனவே சன்னல் கண்ணாடி விற்கும் கடையில் அளவு கொடுத்து வெட்டி வாங்கும் சாதாரணக் கண்ணாடி ஒருபோதும் இதற்கு மாற்று ஆகாது. அது உடைந்தால் கத்தி போன்ற நீண்ட சில்லுகளாக உடைந்து, பின் இருக்கையில் இருப்போரின் கழுத்தளவில் விழும். சிற்றூர்களில் குறிப்பிட்ட வண்டிக்குரிய கண்ணாடி கிடைக்க ஓரிரு நாள் ஆகலாம். அதற்காக இக்குறுக்குவழியை நாடுதல் தகாது.

ஒட்டுப்பசை

இப்பணிக்குரிய பாலியூரித்தேன் பசை காற்றுப்புகாத குழலில் அல்லது உறையில் வருகின்றது. பட்டறையில் இது சீலன்ட் எனவும் பி.யு. எனவும் வழங்கும். இதில் உள்ள ஐசோசயனேட் தொகுதிகள் காற்றின் நீராவியுடன் வினைபுரிந்து அமீனையும் கரியமில வாயுவையும் தருகின்றன. அந்த அமீன் எஞ்சிய ஐசோசயனேட்டுடன் இணைந்து யூரியாப் பிணைப்புகளை உண்டாக்க, பசை ரப்பர் போல் இறுகுகின்றது. நீராவி வெளியில் இருந்து உள்ளே ஊடுருவ வேண்டியிருப்பதால் இறுகுதலும் வெளியில் இருந்து உள்நோக்கியே நடைபெறும். 23 பாகை செல்சியசும் 50 விழுக்காடு ஈரப்பதனும் உள்ள காற்றில் ஒரு நாளில் ஏறத்தாழ 2 முதல் 4 மில்லிமீட்டர் ஆழம் வரையே பசை இறுகும். மேற்புறம் தொட்டால் ஒட்டாத நிலையை அடைந்திருப்பினும் உள்ளே அது இன்னும் களிம்பாகவே இருக்கும்.

கட்டட வேலைக்கும் மீன்தொட்டிக்கும் பயன்படும் சிலிக்கோன் பசையை இதற்கு மாற்றாகப் பூசுவோரும் உண்டு. அது நீரைத் தடுக்கும், ஆனால் வேண்டிய வலிமையைத் தராது. மேலும் சிலிக்கோன் படிந்த இடத்தில் பின்னர் பாலியூரித்தேன் ஒட்டாது. ஒரு முறை செய்த தவறு அடுத்த முறை சரியாகச் செய்ய வருபவரின் வேலையையும் கெடுத்துவிடும்.

தென்காசி, குற்றாலப் பகுதியில்

தென்காசி 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியில் இருந்து பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகரானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருந்தாலும், ஆரியங்காவுக் கணவாயின் ஊடாகத் தென்மேற்குப் பருவக்காற்று இப்பகுதிக்குள் நுழைகின்றது. சூன் முதல் செப்டம்பர் வரை குற்றாலத்தில் மென்சாரலும், சமவெளியில் பலத்த காற்றும் வீசுவது இதனாலேயே. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் ஆகிய இடங்களுக்குத் தமிழ்நாட்டில் இருந்தும் கேரளத்தில் இருந்தும் பெருந்தொகையான வண்டிகள் வருவதும் இதே பருவத்தில்தான். கொல்லத்தையும் திருமங்கலத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 744, செங்கோட்டை, தென்காசி வழியாகச் செல்வதால் சரக்குந்துப் போக்குவரத்தும் மிகுதி.

சாரல் பருவத்தில் ஈரப்பதன் மிகுவதால் பசை விரைவாக இறுகும். இதை நன்மை என்று மட்டும் கொள்ள இயலாது. பசையை இட்ட பின் அதன் மேல் தோல் படர்வதற்கு முன்னரே கண்ணாடியை வைத்தாக வேண்டும். ஈரக்காற்றில் அந்த இடைவெளி சுருங்குகின்றது. தோல் படர்ந்த பசை கண்ணாடியைத் தொடும், ஆனால் பற்றாது. நீராவி வேறு, நீர்த்துளி வேறு என்பதும் இங்கு முக்கியமானது. தூறல் பட்டாலோ, குளிர்ந்த தகட்டில் நீர் வியர்த்திருந்தாலோ, மிகுதியான நீருடன் வினைபுரியும் பசையில் கரியமில வாயுக் குமிழிகள் பெருகி நுரை போன்ற வலுவற்ற அமைப்பு உண்டாகும். விரைவில் இறுகட்டும் எனத் தண்ணீர் தெளிப்பது இக்காரணத்தால் தீங்கானது.

எனவே குற்றாலத்து வாகன நிறுத்துமிடத்தில் மரத்தடியில் வைத்து இவ்வேலையைச் செய்தல் நன்றன்று. கூரையும் குறைந்தது மூன்று பக்கச் சுவரும் உள்ள கொட்டகைக்கு வண்டியைக் கொண்டுவர வேண்டும். தென்காசிச் சமவெளியில் மழையைவிடக் காற்றே இடையூறு. காற்று தூக்கிவரும் புழுதி ஈரப் பசையின் மேல் படிந்து ஒட்டைக் குலைக்கும். வெயில் மாதங்களிலோ வெயிலில் நின்ற தகடு கை வைக்க இயலாத அளவு சூடேறிவிடும். அப்போது வண்டியை நிழலில் ஆறவிட்டு, காலையிலோ மாலையிலோ வேலை செய்வது வழக்கம்.

செய்முறை

சிதறிய கண்ணாடியை அகற்றுவதே பெரும்பாலும் அதிக நேரம் எடுக்கும் பகுதி ஆகும். துண்டுகள் இருக்கை மடிப்பிலும், இருக்கைப்பட்டை சுருளும் பெட்டியிலும், பின்கதவின் உட்குழியிலும், நீர்வடி துளைகளிலும் புகுந்திருக்கும். வெற்றிடத் துப்புரவுக் கருவியால் உறிஞ்சி எடுப்பதே முறை. அழுத்தக் காற்றால் ஊதினால் அவை இன்னும் ஆழத்திற்குச் செல்லும். பின்கதவின் உட்பலகையைக் கழற்றாமல் விட்டால், பல மாதங்கள் கழித்தும் கதவை மூடும்போதெல்லாம் கலகலவென ஓசை கேட்கும்.

உடையாத கண்ணாடியைத் துரு நீக்கவோ தகடு வேலைக்காகவோ கழற்ற நேர்ந்தால், உறுதியான கம்பியைப் பசையின் ஊடே செலுத்தி, இருபுறமும் இருவர் நின்று இழுத்து அறுப்பர். கண்ணாடியின் விளிம்பே அதன் நலிந்த இடம். கத்தி முனை அங்கு பட்டால் தகடு முழுதும் கைக்குள்ளேயே சிதறும். கண்களுக்குக் காப்பும் தடித்த கையுறையும் இன்றி இவ்வேலையைத் தொடுதல் கூடாது.

பழைய பசையைத் தகடு வரை சுரண்டி எடுப்பது தவறான பழக்கம். தகட்டுடன் நன்கு பற்றியுள்ள பழைய பசையை 1 முதல் 2 மில்லிமீட்டர் கனத்திற்குச் சீராகச் செதுக்கி விட்டுவைத்தால், புதுப்பசை அதன் மேல் மிக நன்றாகப் பிடிக்கும். செதுக்கும்போது வண்ணப்பூச்சு கீறி இரும்பு தெரிந்தால், அவ்விடத்தில் உரிய முதற்பூச்சு இடப்பட வேண்டும். இதைத் தவிர்த்தால் பசைக்கு அடியில் துரு பரவி, ஒட்டு தகட்டை விட்டுப் பெயரும். பசையில் குறை இல்லாவிடினும் கண்ணாடி கழல்வது இவ்வாறே.

புதுக் கண்ணாடியின் ஓரத்தில் உள்ள கறுப்புப் பட்டை அழகுக்கு மட்டும் உரியதன்று. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் பசையைச் சிதைக்காமல் அது காக்கின்றது. அப்பட்டையைத் துப்புரவுத் திரவத்தால் துடைத்து, முதற்பூச்சு இட்டு, குப்பியில் குறிப்பிட்ட நேரம் உலரவிட வேண்டும். பின்னர் வெறும் கையால் அதைத் தொடலாகாது. விரலின் எண்ணெய் கூட ஒட்டைக் கெடுக்கும்.

பசைக் குழலின் மூக்கை முக்கோண வடிவில் வெட்டி, உயர்ந்த முக்கோண வரப்பாகப் பசையை இடுவர். தட்டையாகப் பூசினால் அழுத்தும்போது இடைவெளி நிரம்பாது. வரப்பின் தொடக்கமும் முடிவும் கீழ் விளிம்பின் மூலையில் சந்திக்காதவாறு பார்த்துக்கொள்வது நல்லது, நீர் தேங்கும் இடம் அதுவே. உறிஞ்சு கோப்பைகளால் கண்ணாடியைத் தூக்கி இருவர் ஒரே தடவையில் பொருத்துவர். வைத்தபின் இழுத்து நகர்த்தினால் வரப்பு கிழியும். இறுதியாக ஒட்டுநாடாவால் கண்ணாடியைக் கூரையுடன் பிணைத்து வைப்பர்.

காத்திருப்பு நேரம்

வண்டியை எப்போது ஓட்டலாம் என்பது பசையின் வகையைப் பொறுத்தது. சில பசைகளுக்கு ஒரு மணி நேரம் போதும், சிலவற்றுக்கு ஒரு நாள் ஆகும். உறையில் அச்சிட்டுள்ள நேரமே அளவுகோல். சாரல் பருவத்தில் குடும்பத்துடன் வந்தவர்கள் அன்றே ஊர் திரும்ப விரும்புவதும், பட்டறை அதற்கு இசைவதும் இயல்பு. எனினும் செங்கோட்டைக்கு மேற்கே மலைப்பாதை வளைவுகளில் கூடு முறுக்கப்படும்போது, பாதி இறுகிய பசை விளிம்பில் பிளக்கலாம். அப்பிளவு கண்ணுக்குத் தெரியாது, அடுத்த மழையில்தான் தெரியும்.

முதல் நாளில் ஒரு பக்கச் சன்னலைச் சிறிது இறக்கி வைக்க வேண்டும். எல்லாச் சன்னல்களும் மூடிய நிலையில் கதவை அறைந்தால், உள்ளே அடைபடும் காற்று கண்ணாடியை வெளியே தள்ளும். அழுத்த நீரால் கழுவுதலையும் சில நாட்களுக்குத் தவிர்ப்பர். கசிவுச் சோதனைக்குக் குவளையால் மெதுவாக நீர் ஊற்றுதலே போதுமானது.

பனிநீக்கிக் கம்பிகள்

பல பின்கண்ணாடிகளின் உட்புறத்தில் காணப்படும் கிடைக்கோடுகள் உண்மையில் கம்பிகள் அல்ல. வெள்ளி கலந்த குழம்பை அச்சிட்டுச் சூளையில் சுட்டுப் பதித்தவை. மின்சாரம் பாயும்போது இவை சூடேறி, கண்ணாடியில் படியும் ஈரத்தைப் போக்குகின்றன. அருவியில் குளித்து ஈர உடையுடன் நால்வர் ஏறிய வண்டியில் இதன் தேவை உடனே விளங்கும். கோடுகள் பக்க இணைப்பில் உள்ளதால் ஒன்று அறுந்தால் அக்கோட்டுப் பகுதி மட்டும் தெளியாது. ஒட்டிய படங்களைப் பிளேடால் சுரண்டுவதே இவை அறுபடப் பொதுவான காரணம். சில வண்டிகளில் வானொலி அலைவாங்கியும் இதே கண்ணாடியில் உள்ளது. எனவே புதுக் கண்ணாடி வாங்கும்போது பனிநீக்கி, அலைவாங்கி, துடைப்பான் துளை ஆகியவை பழையதுடன் ஒத்துள்ளனவா எனப் பார்ப்பது அவசியம்.

தற்காலிக மறைப்பும் புகை அபாயமும்

கண்ணாடி வந்து சேரும் வரை பாலித்தீன் தாளை ஒட்டி வண்டியை ஓட்டுவோர் உளர். ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், தாள் கிழிந்த இடத்தின் வழியே புகைபோக்கியின் புகை உள்ளே இழுக்கப்படும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. பின் இருக்கையில் உறங்கும் குழந்தைகளே முதலில் பாதிக்கப்படக்கூடும். தவிர்க்க இயலாதவிடத்து, முன்புறக் காற்றுத் துளைகளைத் திறந்து வெளிக்காற்றை வேகமாக உள்ளே செலுத்தி, முன் சன்னல்களையும் இறக்கி, குறுகிய தொலைவு மட்டுமே செல்ல வேண்டும். குளிரூட்டியை உட்காற்றுச் சுழற்சியில் வைத்தல் இந்நிலையில் ஆபத்தானது.

சட்டமும் காப்பீடும்

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 100ஆம் விதி பாதுகாப்புக் கண்ணாடியைக் கட்டாயமாக்குகின்றது. முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை ஊடுருவவிட வேண்டும். கண்ணாடிகளில் கறுப்புப் படலம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 அன்று தடைசெய்தது. பின்னர் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தத்தைச் சுட்டி, மேற்கண்ட அளவுகளுக்கு உட்பட்ட படலங்களுக்குக் கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் இசைவளித்தது. கண்ணாடியின் மூலையில் உள்ள ஐ.எஸ். 2553 தரக்குறியீடு வாங்குபவர் எளிதில் சரிபார்க்கக்கூடியது.

விரிவான காப்பீட்டில் கண்ணாடிப் பகுதிகளுக்குத் தேய்மானம் கழிக்கப்படுவதில்லை. ரப்பர், நெகிழிப் பகுதிகளுக்கு 50 விழுக்காடு கழிக்கப்படும். இழப்பீடு கோரினால் கோரிக்கையின்மைத் தள்ளுபடி போய்விடும் என்பதால், சிறிய வண்டிகளுக்குச் சொந்தச் செலவில் மாற்றுவதே சில வேளை இலாபமாக அமையும். கோரிக்கை வைப்பதாயின், துண்டுகளைக் கூட்டி அள்ளுவதற்கு முன்பே ஒளிப்படம் எடுத்துக்கொள்வது நல்லது. மதிப்பீட்டாளர் பின்னர் வரும்போது உடைந்த பின்கண்ணாடியில் பார்ப்பதற்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சியிருப்பதில்லை.