எட்டு கோல் வாங்கின பிறகு

'பிகில்' படம் 2019 தீபாவளிக்கு வந்தது. கால்பந்தை விட்டுட்டுப் போன ஒரு ஆட்டக்காரர் திரும்பி வந்து தமிழ்நாட்டுப் பெண்கள் அணிக்குக் கோச் ஆகிற கதை. அதே வருஷம் மார்ச் மாசம், நேபாளத்தின் பிராட்நகரில் இந்தியப் பெண்கள் அணி தெற்காசியக் கோப்பையை ஜெயிச்சிருந்தது. அந்த அணிக்கும் ஒரு முன்னாள் ஆட்டக்காரர்தான் கோச். பெயர் மேமோல் ராக்கி. கோவாக்காரர். கோவாவுக்கும் இந்தியாவுக்கும் ஆடியவர். 2017-ல் பொறுப்பேற்றபோது, இந்தியப் பெண்கள் சீனியர் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரான முதல் பெண் அவர்தான். படத்தைப் பற்றி ஊரே பேசியது, இவரைப் பற்றி யாரும் பேசின மாதிரி தெரியல.

எனக்கு இதில் ஆர்வம் வந்ததுக்குக் காரணம் ராக்கி அணியில் இருந்த ரெண்டு பெயர்கள்: இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன். ரெண்டு பேரும் எங்க கடலூர் மாவட்டம். மந்தாரக்குப்பத்திலிருந்து பஸ் ஏறினா வடலூர், குறிஞ்சிப்பாடி தாண்டி வந்துவிடும் கடலூர். அங்கே மாரியப்பன் என்ற பயிற்சியாளர் வருஷக்கணக்கா பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்து, கடலூரை ஒரு கால்பந்து ஊராவே ஆக்கிவிட்டார். இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். கொரோனா ஊரடங்கு நேரத்தில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு ரோட்டில் டூட்டி பார்த்தார்.

ராக்கியின் முதல் ரெண்டு வருஷக் கணக்கு நல்ல கணக்கு. 2018 நவம்பரில் யாங்கூனில் ஒலிம்பிக் தகுதிச்சுற்று. வங்கதேசத்தை 7-1 என்று அடித்து, இந்தியா முதல் தடவையா இரண்டாம் சுற்றுக்குப் போனது. 2019 ஏப்ரலில் மாண்டலேயில் அந்த இரண்டாம் சுற்று. இந்தோனேசியாவை 2-0, நேபாளத்தை 3-1 என்று ஜெயித்தார்கள். கடைசி ஆட்டம் சொந்த மண்ணில் ஆடும் மியான்மரோடு. அதில் சந்தியா ஒரு கோல் போட்டார், ஆட்டம் 3-3 டிரா. கோல் வித்தியாசத்தில் மியான்மர் மேலே போனது, நம்ம ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். அந்த டிசம்பரிலேயே தெற்காசிய விளையாட்டில் தங்கம்.

அப்புறம் கொரோனா. ஒரு வருஷத்துக்கும் மேல சர்வதேச ஆட்டமே கிடையாது. 2021 பிப்ரவரியில் துருக்கிக்குப் போனார்கள். செர்பியாவிடம் 0-2, ரஷ்யாவிடம் 0-8, உக்ரைனிடமும் தோல்வி. ஏப்ரலில் உஸ்பெகிஸ்தான், பெலாரஸ் ரெண்டு பேரிடமும் தோல்வி. ஜூலையில் சொந்தக் காரணம் என்று சொல்லி ராக்கி விலகினார். அடுத்து வந்தவர் ஸ்வீடன்காரர் தாமஸ் டென்னர்பி.

இந்த 0-8 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஜப்பான் ஞாபகம் வந்தது. 1991-ல் சீனாவில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பையில், ஸ்வீடனிடம் ஜப்பான் வாங்கினதும் இதே 0-8 தான். மூணு ஆட்டத்திலும் தோல்வி, ஒரு கோல்கூட போடல. அந்த ஜப்பான் அணியில் அசகோ தகாகுரா என்ற நடுக்கள ஆட்டக்காரர் இருந்தார்.

தகாகுரா 1968-ல் ஃபுகுஷிமாவில் பிறந்தவர். ஊரில் பெண்கள் ஆட இடமில்லாததால், பள்ளிக்கூடப் பிள்ளையா இருக்கும்போதே கிளப்பில் ஆடுவதற்காக டோக்கியோவுக்கு ரயில் ஏறிப் போய்வந்தவர். 16 வயசில், 1984-ல், தேசிய அணி. மொத்தம் 79 ஆட்டங்கள், ரெண்டு உலகக் கோப்பை, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்.

இங்கே ஒண்ணு சொல்லியாகணும். தகாகுரா முதல் சர்வதேச ஆட்டம் ஆடுவதற்கு முன்னாடியே இந்தியப் பெண்கள் அணி ஆசியக் கோப்பையில் ரெண்டு தடவை இரண்டாம் இடம் பிடித்துவிட்டது. 1980-ல் கோழிக்கோட்டில் ஒரு தடவை, 1983-ல் ஒரு தடவை. ஜப்பான் முதல் அதிகாரபூர்வ ஆட்டம் ஆடினதே 1981-ல்தான். அப்போது அந்தப் போட்டிக்கு எல்லா நாடும் முழு பலத்தோட வரல என்பது உண்மைதான். இருந்தாலும் நாம முன்னாடி இருந்தோம்.

அங்கிருந்து ரெண்டு நாடும் போன வழி வேற. ஜப்பானில் பெண்களுக்கான தேசிய லீக் 1989-லேயே ஆரம்பம். இடையில் பணமில்லாமல் கிளப்புகள் மூடின, ஆனா லீக் நிக்கல. இங்கே 2009-ல், பதினெட்டு மாசத்துக்கு மேல ஆட்டமே ஆடல என்று ஃபிஃபா இந்தியாவைத் தரவரிசையிலிருந்தே எடுத்துவிட்டது. பெண்கள் லீக் முழுசா நடந்தது 2017-ல். 2019-ல் மதுரையின் சேது எஃப்சி, இந்துமதியோட சேர்ந்து, லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று ஜெயித்துப் பட்டம் வாங்கினது அதன் மூணாவது பதிப்பு.

கோச் ஆன விதத்திலும் இதே வித்தியாசம்தான் எனக்குப் படுகிறது. ஆட்டத்தை விட்டதும் தகாகுராவைக் கொண்டுபோய் சீனியர் அணியில் உட்கார வைக்கல. சின்னப் பிள்ளைகள் அணிகளோட பல வருஷம். 2014-ல் கோஸ்டா ரிக்காவில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை ஜெயித்தார், இறுதியில் ஸ்பெயினை 2-0. அதில் ஆடியவர் யுயி ஹசெகாவா. 2016-ல் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் மூணாம் இடம். அதே வருஷம் சீனியர் அணிக்கு முதல் பெண் தலைமைப் பயிற்சியாளர். 2018-ல் ஆசியக் கோப்பை, ஆசிய விளையாட்டுத் தங்கம் ரெண்டும். 2019 உலகக் கோப்பையில் நெதர்லாந்துக்கு எதிரா ஜப்பானுக்குக் கோல் போட்டது அதே ஹசெகாவா. அஞ்சு வருஷமா தெரிஞ்ச பிள்ளை. அந்த ஆட்டம் கடைசி நிமிஷப் பெனால்டியில் 1-2 என்று போய்விட்டது, அது வேற கதை.

ராக்கிக்கு அந்த வசதி இல்ல. தேசியக் கோச் என்றால் போட்டிக்கு முன்னாடி கேம்ப், கேம்ப் முடிஞ்சா ஆட்டம், அப்புறம் ஆளுக்கொரு பக்கம். இந்துமதி போலீஸ் டூட்டிக்குத் திரும்பணும். அடுத்த கேம்ப் எப்போ என்று கோச்சுக்கே சொல்ல முடியாது.

தகாகுராவும் 2021-லதான் போனார். டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதியில் 1-3 தோல்வி, அதுவும் அதே ஸ்வீடனிடம். சொந்த நாட்டில் பதக்கம் இல்லையென்றால் கேள்வி வரும், வந்தது. ஆனா கணக்கைப் பாருங்க: 2008-லிருந்து 2021 வரைக்கும் ஜப்பானுக்கு ரெண்டே கோச். 2011-ல் உலகக் கோப்பையை வாங்கிக்கொடுத்த நோரியோ சசாகி, அடுத்து தகாகுரா. நமக்கோ ராக்கிக்கு அப்புறம் நாலே வருஷத்தில் டென்னர்பி, சோபா தேவி, சந்தோஷ் காஷ்யப், ஜோகிம் அலெக்சாண்டர்சன், கிறிஸ்பின் சேத்ரி என்று பட்டியல் நீளுது. இதில் மணிப்பூரின் சோபா தேவியும் முன்னாள் ஆட்டக்காரர்தான். அவருக்குக் கிடைத்தது ராக்கியைவிடவும் குறைந்த காலம்.

வெளிநாட்டுக் கோச் வந்ததைக் குறையா சொல்லல. ஜப்பானே 2024 கடைசியில் டென்மார்க்கின் நில்ஸ் நீல்சனைக் கூப்பிட்டது. யார் வருகிறார் என்பதைவிட, வந்தவர் எத்தனை வருஷம் அதே பிள்ளைகளோட இருக்கிறார் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

2025 ஜூலையில் சேத்ரியின் அணி சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என்று ஜெயித்தது. சங்கீதா பாஸ்போர் ரெண்டு கோல். தகுதிச்சுற்று ஆடி ஆசியக் கோப்பைக்குள் போனது அதுவே முதல் தடவை. ஆஸ்திரேலியாவில் 2026-ல் நடக்கும் அந்தப் போட்டிக்குக் குலுக்கல் போட்டபோது இந்தியா விழுந்தது சி பிரிவில். கூட வியட்நாம், சீன தைபே, ஜப்பான்.