பஞ்சுக்குள் ஒளிந்திருப்பது யார்?

புதுச்சேரியில் செம்பருத்தி இல்லாத தெருவைக் காண்பது அரிது. முத்தியால்பேட்டையிலோ இலாசுப்பேட்டையிலோ உள்ள உங்கள் வீட்டுச் செம்பருத்தியின் முன் நாளைக் காலையில் சற்று நின்று பாருங்கள். நுனிக் கொழுந்து சுருண்டிருக்கிறதா? காம்பின் இடுக்கில் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளையாக ஏதேனும் தெரிகிறதா? தண்டின் மீது எறும்புகள் சாரை சாரையாக ஏறுகின்றனவா? அப்படியானால் செடியின் சாற்றை உறிஞ்சும் பூச்சிகள் அங்கே குடியேறிவிட்டன என்று பொருள். வீட்டிலுள்ள பெரியவர்கள் 'மாவுப்பூச்சி' என்பார்கள். சரிதான். ஆனால், எந்த மாவுப்பூச்சி?

இது வெறும் பெயர்ப் பிரச்சினை அன்று. இதற்கு விடை தெரியாததால் ஆப்பிரிக்காவில் பல ஆண்டுகள் வீணாயின. விடை தெரிந்ததால் தமிழகத்தில் பப்பாளித் தோட்டங்கள் பிழைத்தன. அந்தக் கதைக்கு முன், பூச்சியின் உடலைப் படிக்கக் கற்றுக்கொள்வோம். ஒரு கைவில்லை இருந்தால் போதும்.

சாறு உறிஞ்சும் இப்பூச்சிகளுக்கெல்லாம் பொதுவான அடையாளம் ஊசி போன்ற உறிஞ்சுகுழல். அதைச் செடிக்குள் செருகி உமிழ்நீரைச் செலுத்திச் சாற்றை இழுக்கும். சாற்றில் சர்க்கரை மிகுதி, புரதச் சத்து குறைவு. ஆகவே நிறையக் குடித்து, மிஞ்சிய சர்க்கரை நீரைப் பின்புறமாக வெளியேற்றிவிடும். எறும்புகள் தேடி வருவது அதைத்தான். இலைமேல் கரி பூசியது போல் படரும் பூஞ்சாணமும் அந்த இனிப்பில்தான் வளர்கிறது.

உறிஞ்சுகுழல் எங்கிருந்து புறப்படுகிறது என்பதே முதல் கேள்வி. தலையின் அடிப்பின்புறத்திலிருந்து வந்தால், உணர்கொம்பும் மயிர்போலக் குறுகியிருந்தால், அது தத்துப்பூச்சிகளின் கூட்டம். முன்னங்கால்களுக்கு இடையிலிருந்தே முளைப்பது போலத் தோன்றினால் அது அசுவினி, வெள்ளை ஈ, செதில் பூச்சி, மாவுப்பூச்சி ஆகியவற்றின் கூட்டம். பழைய பாடநூல்கள் இவ்விரண்டையும் 'ஹோமாப்டெரா' என்ற ஒரே வரிசையில் வைத்தன. இவை ஒரே கிளையில் பிறந்தவை அல்ல என்று பின்னர் தெரிந்ததால் அந்தப் பிரிவு கைவிடப்பட்டது. இப்போது எல்லாம் ஹெமிப்டெரா வரிசையின் கீழ் வருகின்றன.

பாகூர்ப் பக்கம் நெல்வயல் இருக்கும் நண்பர்கள் வேறொன்றும் பார்க்கலாம். பின்னங்காலின் கீழ்ப்பகுதி முழுவதும் சீப்புப் பற்களைப் போல முட்கள் வரிசையாக இருந்தால் அது பச்சைத் தத்துப்பூச்சி. அப்பகுதியின் முனையில் அசையக்கூடிய பெரிய முள் ஒன்று இருந்தால் அது புகையான். ஒரு முள்ளைக் கொண்டு எதிரியை அடையாளம் காண்கிறோம்!

இரண்டாம் கூட்டத்துக்கு வருவோம். முதுகின் பின்பகுதியில் இரண்டு சிறு குழல்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அசுவினி. தட்டையான ஓட்டின் கீழ் அசையாமல் ஒட்டியிருந்தால் செதில் பூச்சி; குண்டூசியால் ஓட்டை மெல்லத் தூக்குங்கள். ஓடு தனியாகவும் பூச்சி தனியாகவும் வந்தால் ஒரு குடும்பம். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் வேறொரு குடும்பம். வெள்ளை ஈயில் ஒரு வேடிக்கை உண்டு: பறக்கும் ஈயை விட, அது விட்டுச்சென்ற கூட்டுப்புழுவின் வெற்று ஓட்டை வைத்தே பெரும்பாலும் இனத்தைப் பிரிக்கிறார்கள்.

மாவுப்பூச்சியில் நாம் காண்பதெல்லாம் பெண்ணே. ஆணுக்கு இறகுகள் உண்டு, வாய் இல்லை. சில நாட்களில் மடிந்துவிடும். பெண்ணின் முதுகில் கருங்கோடுகள் உண்டா, வாலில் நீண்ட மெழுகு இழைகள் உண்டா, நசுக்கினால் வருவது மஞ்சளா சிவப்பா என்பதெல்லாம் துப்புகளே; தீர்ப்பு அல்ல. தீர்ப்பு நுண்ணோக்கியின் கீழ்தான். பூச்சியைக் காரக் கரைசலில் ஊறவைத்து உள்ளிருப்பதை நீக்கி, தோலுக்கு மட்டும் சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் பதிப்பார்கள். (நீங்கள் முயல வேண்டாம், அந்தக் காரம் கையைப் பொசுக்கும்.) அப்போது உணர்கொம்பின் கணுக்களையும், மெழுகு சுரக்கும் துளைகளையும், நுண்குழாய்களையும் எண்ணலாம்.

2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளியைத் தாக்கிய புதிய மாவுப்பூச்சியை இப்படித்தான் இனம் கண்டார்கள். உணர்கொம்பில் எட்டுக் கணுக்கள். செம்பருத்தியைப் பீடிக்கும் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சிக்கோ ஒன்பது. வாயில் விளிம்புள்ள நுண்குழாய்கள் முதுகின் நடுவில் இல்லை, ஓரத்தில் மட்டுமே. பின்னங்காலின் கீழ்ப்பகுதியில் துளைகள் இல்லை. 1992-இல் பெயரிடப்பட்ட 'பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ்' அது. பெயரின் இரண்டாம் சொல்லுக்கு 'ஓரம் உடையது' என்று பொருள். தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும்.

இதற்குள் அது மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று பரவிவிட்டது. உழவர்கள் மருந்தடித்தார்கள், மெழுகுப் போர்வையின் மேல் மருந்து நிற்கவில்லை. பெயர் தெரிந்ததால் ஊர் தெரிந்தது, ஊர் தெரிந்ததால் இயற்கை எதிரியும் தெரிந்தது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூரிலுள்ள வேளாண் பூச்சிகளுக்கான தேசிய ஆய்வு நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து தமிழகத் தோட்டங்களில் விடப்பட்டன. அவற்றுள் 'அசெரோஃபேகஸ் பப்பாயே' என்ற குளவி சில மாதங்களிலேயே மாவுப்பூச்சியை அடக்கியது.

ஆப்பிரிக்காவில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1970-களின் தொடக்கத்தில் காங்கோப் பகுதியில் மரவள்ளியை ஒரு மாவுப்பூச்சி அழிக்கத் தொடங்கியது. 1977-இல் பிரெஞ்சுப் பூச்சியியலார் மாத்தில்-ஃபெரெரோ அதற்கு 'ஃபீனகாக்கஸ் மணிஹோட்டி' என்று பெயரிட்டார். அதன் எதிரியைத் தேடித் தென் அமெரிக்காவின் வடபகுதிக்குச் சென்றவர்கள், அங்கே மரவள்ளியில் கண்ட மாவுப்பூச்சியை அதுவே என்று எண்ணினார்கள். ஆனால் அதன் ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்கப் பூச்சியில் பெருகவில்லை. காரணம், அது வேறு இனம்! ஆப்பிரிக்கப் பூச்சியில் பெண்கள் மட்டுமே; அமெரிக்கப் பூச்சியிலோ ஆணும் உண்டு. அந்த வேறுபாட்டோடு தோலின் நுண்ணுறுப்புகளையும் ஒப்பிட்டு 1981-இல் அதற்குத் தனிப்பெயர் இட்டனர். அதே ஆண்டில் உண்மையான பூச்சி பராகுவேயில் அகப்பட்டது. அங்கிருந்து வந்த குளவி ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காத்தது. அதே மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் தோன்றியபோது நாம் தடுமாறவில்லை. பெனின் நாட்டிலிருந்து அக்குளவியை வரவழைத்து 2022-இல் சேலம் மாவட்டத்தில் பறக்கவிட்டார்கள்.

சரி, உங்கள் செம்பருத்திக்குத் திரும்புவோம். பஞ்சுக்குள் இருக்கும் ஒன்றிரண்டு பூச்சிகளை எடுத்து ஒரு சிறு குப்பியில் எரிசாராயத்தில் போட்டு, ஆசிரியரிடம் கொடுத்து வையுங்கள். சில நாட்களில் அது நீலம் கலந்த கருப்பாக மாறினால் பப்பாளி மாவுப்பூச்சியாக இருக்க வாய்ப்பு மிகுதி. பிறகு கைவில்லையால் கிளையைத் தேடுங்கள். உப்பி, பழுப்பேறி, அசையாமல் ஒட்டியிருக்கும் உடல்கள் இருக்கின்றனவா? அவற்றில் சிறு வட்டத் துளை தெரிந்தால், குளவி உள்ளே வளர்ந்து வெளியேறிவிட்டது. அந்தக் கிளைக்கு மருந்து அடிக்காதீர்கள். வெட்டி எரிக்கவும் வேண்டாம்.