தேசியக்கொடியைப் பேணும் முறை

வீட்டு முகப்பில் ஏற்றுவதற்கெனக் கொடி வாங்கச் செல்வோர், விலையை விசாரிப்பதற்கு முன்னர் அதன் அளவை நோக்குதல் நலம். ஏனெனில், நீளமும் உயரமும் 3:2 என்னும் விகிதத்தில் அமைய வேண்டுமென்றும், நடுவிலுள்ள கருநீலச் சக்கரத்தில் 24 ஆரங்கள் இருக்க வேண்டுமென்றும் விதி இருக்க, கடைவீதியில் தொங்குபவற்றுள் சில ஏறக்குறையச் சதுரமாகவே காணப்படுகின்றன. 2021 டிசம்பரில் செய்யப்பட்ட திருத்தத்தால் பாலியஸ்டர் துணிக்கும் அனுமதி கிடைத்துவிட்டதாயினும், ஹூப்ளி நகரத்துப் பெங்கேரியில் கதரில் தைக்கப்படும் கொடியின் கம்பீரம் அதற்கு வாய்க்கவில்லை என்பது என் அபிப்பிராயம். 1947 ஆகஸ்ட் 15 அன்று சென்னை ஜார்ஜ் கோட்டையில் ஏற்றப்பட்ட கொடியோ பட்டாலானது. இன்றும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் அதைக் காணலாம்.

ஏற்றும்போது விரைவாகவும் இறக்கும்போது நிதானமாகவும் கயிற்றை இழுத்தல் சம்பிரதாயம். சுவரில் நெடுக்காகத் தொங்கவிடுவதில்தான் பலரும் தடுமாறுகின்றனர்: எதிரே நின்று காண்பவரின் இடப்புறத்தில் காவி அமைய வேண்டும். 2022 முதல் இல்லங்களில் இரவிலும் பறக்கவிடலாமாயினும், காற்றிலும் மழையிலும் ஓரத்தையல் பிரிந்து நூல் தொங்கும் கொடியை அப்படியே விட்டுவைத்தல் ஆகாது. கிழிந்ததைத் தூசு தட்டும் துணியாக்காமல், தனியிடத்தில் முழுமையாக எரித்தோ, அதன் கண்ணியத்துக்கு இசைந்த வேறு வகையிலோ நீக்குமாறு கொடிச் சட்டத்தொகுப்பு பணிக்கிறது.